கேட்கக் கற்ற செபம்: இலொயோலாவிலிருந்து மயிலை வரை

தமிழில் 'கேள்' என்னும் சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நமக்கு வேண்டியதைத் தருமாறு வேண்டுவதும் கேட்டல்தான். பிறர் சொல்வதற்குச் செவி சாய்ப்பதும் கேட்டல்தான். திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்தபோது வினா எழுப்புவதைக் கருதவில்லை; அறிந்தோர் வாய்ச்சொல்லைச் செவிவழிப் பெறுவதையே கருதினார். பழந்தமிழில் 'கேள்' என்பது உறவையும், 'கேண்மை' என்பது நட்பையும் குறிக்கும்.

நம்முடைய செபங்களை இச்சொல்லின் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் வகைக் கேட்டலை நாம் நன்றாகவே கற்றிருக்கிறோம். நவநாள்களிலும் மன்றாட்டு மாலைகளிலும் திருத்தலங்களின் கொடிமரத்து அடியிலும் நாம் கேட்கிறோம். அதில் குறையேதும் இல்லை. கேட்கும்படி சொன்னவர் நம் ஆண்டவரே. ஆனால் இரண்டாம் வகைக் கேட்டல்? இறைவன் பேசுவதற்கு இடம் விட்டு, வாய் மூடி, செவி திறந்து நிற்பது? அதைப் பற்றி நம்முள் இரு விதமான தவறான எண்ணங்கள் உலவுகின்றன. அது முனிவர்க்கும் காட்சி கண்ட புனிதர்க்கும் மட்டுமே உரியது, நமக்கு எட்டாதது என்பது ஒன்று. 'ஆண்டவர் என்னிடம் சொன்னார்' என்று எவர் உரக்கச் சொன்னாலும் உடனே நம்பிவிடுவது மற்றொன்று. முன்னது நம்மை ஊமையின் முன் நிற்பவர்போல ஆக்கிவிடுகிறது. பின்னது இன்னும் கேடானது. மனிதரின் ஆசையும் அச்சமும் இறைவனின் பெயரைச் சூடிக்கொண்டு நடமாட வழி செய்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே திருச்சபை நெடுங்காலமாக ஒரு பாதையைப் பேணி வந்திருக்கிறது. கேட்பது ஒரு கலை; அது கற்றுக்கொள்ளப்படுவது; கேட்டது சோதித்துப் பார்க்கப்பட வேண்டியது என்பதே அப்பாதை. வரலாற்றில் அது தெளிவாகத் துலங்கிய ஒரு காலத்தை, 1521-க்கும் 1545-க்கும் இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளை, இக்கட்டுரையில் நினைவு கூர்வோம். அதன் தொடக்கம் ஸ்பெயின் நாட்டின் ஒரு மலையக மாளிகையில். அதன் ஒரு முக்கியத் திருப்பம் நம் சோழமண்டலக் கடற்கரையில், மயிலாப்பூரில்.

முன்னோர் காட்டிய வழி

அதற்கு முன், அக்காலத்தவர் எங்கிருந்து கற்றார்கள் என்பதையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சீலோ ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேல் ஆண்டவரின் அழைப்பைக் காதால் கேட்டான். ஆனால் அழைப்பவர் யார் என அவனால் அறிய முடியவில்லை. மூன்று முறை எழுந்து ஏலியிடம் ஓடினான். கண் மங்கிய முதியவரான ஏலியே, அது யாருடைய குரல் என்பதை உணர்ந்து, எப்படி மறுமொழி சொல்வது என்று சிறுவனுக்குக் கற்பித்தார். இத்தனைக்கும் ஏலி குற்றமற்றவர் அல்லர். தம் மக்களைக் கண்டிக்காதவர். இருந்தும் அவர் துணையின்றிச் சாமுவேல் கேட்கக் கற்கவில்லை. ஓரேபு மலையில் எலியா பெற்ற பாடம் வேறு. பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவர் இல்லை. அதன் பின் வந்த மெல்லிய ஒலியில்தான் இறைவாக்கினர் தம் முகத்தை மூடிக்கொண்டார்.

எகிப்து நாட்டுப் புனித வனத்து அந்தோனியார் மூன்றாம் நூற்றாண்டில் கோயிலுக்குள் நுழைந்தபோது, உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. ஊர் முழுவதும் கேட்ட வாசகத்தைத் தமக்கே சொல்லப்பட்டதாக அவர் கேட்டார். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு எழுதிய ஒழுங்கு நூல், செவிகொடுக்குமாறு விடுக்கும் அழைப்போடுதான் தொடங்குகிறது. மறைநூலை மெல்ல வாசித்து, அசைபோட்டு, செபமாக்கி, அமைதியில் ஓய்ந்திருக்கும் முறையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கர்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். இவையெல்லாம் துறவு மடங்களின் செல்வங்கள். சந்தையிலும் கப்பலிலும் போர்க்களத்திலும் வாழ்பவன் இறைவனைக் கேட்பது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடியவர் ஒரு போர்வீரர்.

படுக்கையில் தொடங்கிய பாடம்

1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், பம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டொன்று இஞ்ஞாசியாரின் காலை முறித்தது. அப்போது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது. பெயரும் புகழும் பெரிய இடத்துப் பெண்ணின் கடைக்கண் பார்வையுமே அவர் நாடியவை. இலொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அவர், பொழுதுபோக்க வீரக் கதைகளைக் கேட்டார். அவை வீட்டில் இல்லை. கிடைத்தவை இரண்டு நூல்கள்: சாக்சனி நாட்டுக் கர்த்தூசியர் லுடோல்ப் எழுதிய கிறிஸ்துவின் வரலாறு, மற்றது புனிதர்களின் வரலாறு.

படித்தார், இடையிடையே கனவு கண்டார். சில மணி நேரம் அரசவைப் பெருமையைப் பற்றிய கனவு. சில மணி நேரம் புனித பிரான்சிஸ், புனித தோமினிக் செய்தவற்றைத் தாமும் செய்வதாகக் கனவு. இரண்டும் இனித்தன. வேறுபாடு பிறகுதான் தெரிந்தது. முதல் கனவு முடிந்ததும் உள்ளம் வறண்டது. இரண்டாவது முடிந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியது. ஒருநாள் இவ்வேறுபாடு அவர் கண்ணைத் திறந்தது. தம் உள்ளத்தில் எழும் எண்ணங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவன அல்ல என்று அறிந்தார்.

விண்ணிலிருந்து குரல் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உண்ட உணவு நல்லதா என்பதை நாவின் சுவை மட்டும் சொல்லாது. உண்ட பின் உடல் இருக்கும் நிலையும் சொல்லும். அவ்வாறே எண்ணம் நல்லதா என்பதை அது விட்டுச் செல்லும் தடத்தைக் கொண்டு அறியலாம் என்பதே அவர் கற்ற முதல் பாடம்.

இனிக்கும் குரலெல்லாம் இறைக்குரலா?

இரண்டாம் பாடம் கடினமானது. 1522-ஆம் ஆண்டு மன்ரேசா நகருக்கு வந்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் செபத்திலும் தவத்திலும் கழித்தார். அங்கே பலமுறை ஒரு காட்சி தோன்றியது: பாம்பின் வடிவம் போல, கண்கள் பலவாக மின்னும் அழகிய பொருள் ஒன்று. அதைப் பார்ப்பதில் அவருக்குப் பேராறுதல் உண்டாயிற்று. பின்னர், கார்தோனர் ஆற்றங்கரையில் உள்ளொளி பெற்ற அவர், அங்கிருந்த சிலுவையின் முன் முழந்தாளிட்டபோது அதே காட்சி வந்தது. சிலுவைக்கு முன்னால் அதன் நிறம் மங்கியிருந்தது. அது இறைவனிடமிருந்து வந்ததன்று என்று அன்று தெளிந்தார்.

இன்னொன்று. இரவில் படுக்கச் செல்லும் நேரத்தில் ஆன்மீக எண்ணங்களும் ஆறுதல்களும் பெருகி, அவர் உறக்கத்தைப் பறித்தன. செபத்திற்கென நாளில் இத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்க, உறக்கத்தைக் கெடுக்கும் இந்த இனிமை எதற்கு என்று தம்மையே வினவி, அவற்றை விலக்கிவிட்டு உறங்கினார். சில ஆண்டுகள் கழித்துப் பார்சலோனாவில், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றபோதும் அதே சோதனை. வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஆன்மீக ஒளி பொங்கி வரும், பாடம் ஏறாது. செபத்தில்கூட வராத ஒளி பாடவேளையில் மட்டும் வருவானேன் என்று எண்ணிப் பார்த்தார். அதைச் சோதனை எனக் கண்டு, தம் ஆசிரியரை அழைத்துச் சென்று உள்ளதைச் சொல்லி, இனி வகுப்பில் கவனம் தவறுவதில்லை என வாக்களித்தார். சோதனையும் அகன்றது.

பக்தி மணம் வீசும் எண்ணம்கூட, இறைவன் நமக்கு இட்ட கடமையிலிருந்து நம்மை விலக்குமானால், அதை ஐயுற வேண்டும். படிக்க வேண்டியவன் படிப்பதும், உறங்க வேண்டியவன் உறங்குவதும், பிள்ளைக்குச் சோறிட வேண்டியவள் சோறிடுவதும் இறைக்குரலுக்குச் செவிகொடுப்பதே.

இவ்வனுபவங்களையே அவர் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் சிறு நூலாகத் தொகுத்தார். 1548-ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். நால்வகை வாரங்களாகப் பகுக்கப்பட்ட அந்நூல் படிப்பதற்கன்று, செய்வதற்கு. செபம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல், கால் மணி நேரம் அமர்ந்தோ நடந்தோ, செபத்தில் என்ன நிகழ்ந்தது என்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. உள்ளம் எங்கே அசைந்ததோ, அங்கேயே மீண்டும் சென்று தங்கச் சொல்கிறது. மனம் இருண்டு கிடக்கும் வேளையில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதிருக்கச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி தருபவர் இப்பக்கமோ அப்பக்கமோ சாய்க்காமல் துலாக்கோலின் முள்போல் நடுநின்று, படைத்தவரே தம் படைப்போடு நேரடியாக உறவாட விட்டுவிட வேண்டும் என்கிறது. வழிகாட்டி வேண்டும்; ஆனால் வழிகாட்டி இறைவனின் இடத்தில் அமர்ந்துவிடக் கூடாது. ஏலி சாமுவேலுக்குச் செய்ததும் இதுவே.

பலர் கூடிக் கேட்டது

பாரீஸ் நகரின் புனித பார்பரா கல்லூரியில் இஞ்ஞாசியாரோடு ஒரே அறையில் தங்கியவர்கள் இருவர்: பீட்டர் பேபர், பிரான்சிஸ் சவேரியார். பேபர் விரைவில் நண்பரானார். சவேரியார் நெடுநாள் பிடிகொடுக்கவில்லை. 1534 ஆகஸ்டு 15-ஆம் நாள் மோன்மார்த்ர் குன்றில் எழுவரும் வார்த்தைப்பாடு கொடுத்த பின்னரே, செப்டம்பரில், அவர் முப்பது நாள் ஆன்மீகப் பயிற்சிகளைச் செய்து முடித்தார்.

1539-ஆம் ஆண்டு தவக்காலத்தில் உரோமையில் கூடிய இத்தோழர்கள் முன் ஒரு வினா நின்றது. திருத்தந்தை தம்மைப் பல நாடுகளுக்கு அனுப்பவிருக்கிறார். பிரிந்த பின்னும் ஓர் உடலாய் நிற்பதா? தங்களுள் ஒருவருக்குக் கீழ்ப்படியும் வார்த்தைப்பாட்டை ஏற்பதா? வெவ்வேறு நாட்டவர், கருத்தும் வேறுபட்டது. அவர்கள் கடைப்பிடித்த முறை இன்றும் நம்மை வியக்க வைக்கிறது. ஒருவரை ஒருவர் இணங்கவைக்க முயல்வதில்லை. ஒவ்வொருவரும் தனித்துச் செபிப்பது. தான் இக்குழுவைச் சேராத அயலான் என்பதுபோல் எண்ணிப் பார்ப்பது. பின்னர் ஒருநாள், அனைவரும் கீழ்ப்படிதலுக்கு எதிரான காரணங்களை மட்டும் சொல்வது. மறுநாள், அனைவரும் அதற்குச் சார்பான காரணங்களை மட்டும் சொல்வது. தன் கருத்துக்கு மாறானதையும் தன் வாயாலேயே நேர்மையாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. நாள்கள் பல கழிந்தன. இறுதியில், மாறுபாடின்றி முடிவு பிறந்தது. இயேசு சபை இவ்வாறு கேட்டலில் உருவாயிற்று. நம் பங்குப் பேரவைகளிலும் அன்பியங்களிலும் ஒருநாளேனும் இம்முறையைக் கையாண்டால் எத்தனை பூசல்கள் தணியும் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஐந்தாண்டுகள் கழித்து, சபைத் தலைவராகிவிட்ட இஞ்ஞாசியார் மற்றொரு முடிவின் முன் நின்றார். சபையின் கோயில்களுக்கு நிலையான வருமானம் இருக்கலாமா, கூடாதா? 1544 பிப்ரவரி 2 முதல் மார்ச் 12 வரை நாற்பது நாள் திருப்பலியில் இதை வைத்துச் செபித்து, உள்ளத்தில் நிகழ்ந்தவற்றை நாட்குறிப்பில் எழுதினார். வருமானம் வேண்டாம் என்ற தெளிவு முன்னரே கிடைத்துவிட்டது. ஆயினும் இன்னும் ஓர் உறுதி, இன்னும் ஓர் அடையாளம் என்று அவர் மனம் தேடியது. அடையாளத்தை மேலும் மேலும் நாடுவது இறைவனின் விருப்பத்தைத் தேடுவதன்று, தம் மனநிறைவைத் தேடுவதே என்று இறுதியில் உணர்ந்து முடித்துக்கொண்டார். பழுத்த ஆசானும் கற்றுக்கொண்டே இருந்தார்.

சோழமண்டலக் கரையில் சவேரியார்

அக்காலத்தில் சவேரியார் எங்கிருந்தார்? 1540 மார்ச்சில், இந்தியாவுக்குச் செல்லவிருந்த தோழர் நோயுற, அவருக்குப் பதிலாக ஒருநாள் அவகாசத்தில் உரோமையை விட்டுப் புறப்பட்டவர், 1542 மே மாதம் கோவா சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் பெயர்க்க இருமொழியும் அறிந்தவர்களின் துணையை நாடினார். அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். நம் பரதவ மக்களின் வீடுகளில் செபம் முதலில் நுழைந்தது ஏட்டின் வழியாக அன்று, செவியின் வழியாகவே.

1544-ஆம் ஆண்டு துன்பங்கள் அடுக்கடுக்காய் வந்தன. வடுகர் படை தாக்கியதால் குமரிமுனைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் ஒளிந்து பசியால் வாடினர்; உணவுப் படகுகளோடு அவர்களைத் தேடிச் சென்றார். போர்த்துக்கீசிய அலுவலர்களின் பேராசை அவரை இன்னும் நோகச் செய்தது. அவ்வாண்டின் இறுதியில், மன்னாரில் புதிதாய்த் திருமுழுக்குப் பெற்ற மக்கள், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் வெட்டிக் கொல்லப்பட்டனர். 600-க்கும் மேற்பட்டோர் என்பது மரபு.

சவேரியார் கொதித்தார். ஆளுநரை நாடினார். யாழ்ப்பாண மன்னனைத் தண்டிக்க ஒரு படையெடுப்பு ஏற்பாடாயிற்று. கப்பல்கள் நாகப்பட்டினத்தில் கூடவேண்டும். அது இறைவனுக்கு உகந்த பணி என்றே அவர் நம்பினார். அக்காலத்து ஐரோப்பியர் பலரும் அவ்வாறே நம்பியிருப்பர். 1545 வசந்தத்தில் அவரும் நாகப்பட்டினம் வந்து காத்திருந்தார். படையெடுப்பு நடக்கவில்லை. பெகு நாட்டிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி நிற்க, அதன் சரக்கு மன்னன் கைக்குப் போயிற்று. சரக்கு திரும்பக் கிடைக்கும் வரை போர் வேண்டாம் என்று ஒதுங்கினர் தளபதிகள். நீதிக்காகப் புறப்பட்ட படை, சரக்குக்காக நின்றுவிட்டது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். புனிதரின் ஆர்வமெல்லாம் இறைவனின் ஆணையாகிவிடாது. கொல்லப்பட்டவர்களுக்காக அவர் அழுதது நற்செய்தி. வாளை நம்பியது அக்காலத்தின் குரல். இரண்டும் அவர் உள்ளத்தில் ஒன்றாகவே ஒலித்தன. எது எதுவென்று பிரித்தறிய அவருக்கும் காலமும் அமைதியும் தேவைப்பட்டன.

மயிலையில் நான்கு மாதங்கள்

குமரிமுனைக்குத் திரும்ப எதிர்க்காற்று இடம் கொடுக்கவில்லை. செலபஸ் தீவின் மக்காசர் நாட்டில் குறுநில மன்னர் இருவர் திருமுழுக்குப் பெற்ற செய்தி வந்திருந்தது. அவர்களுக்குக் குருக்கள் இல்லை. அங்கே போவதா? தம்மை நம்பியிருக்கும் முத்துக்குளித்துறை மக்களை விட்டுப் போவது தகுமா? இஞ்ஞாசியாரைக் கேட்கலாம் என்றால், கடிதம் உரோமைக்குப் போய் விடை வர ஆண்டுகள் ஆகும். இத்தனை வினாக்களோடு, 1545 ஏப்ரலில் அவர் மயிலாப்பூரில் திருத்தூதர் தோமாவின் கல்லறைக்கு வந்து சேர்ந்தார்.

இன்று நாம் காணும் சாந்தோம் பேராலயம் 1896-இல் எழுந்தது. அன்றிருந்தது போர்த்துக்கீசியர் கட்டிய சிறு கோயில். பங்குக் குரு கஸ்பார் கொயெல்லோவின் இல்லத்தில் சவேரியார் தங்கினார். இரவில் தோட்டத்தைக் கடந்து கல்லறைக்குச் சென்று செபிப்பது அவர் வழக்கம் என அக்குருவே பின்னர்ச் சான்று கூறினார். அவ்விரவுகள் எளியனவாய் இல்லை. தீய ஆவிகளோடு போராடியதாகவும் அச்சான்று சொல்கிறது.

மே மாதம் 8-ஆம் நாள் மயிலையிலிருந்து கோவாத் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. இறைவனின் விருப்பத்தைத் தம் உள்ளம் உணரும்படி செய்ய வேண்டுமென்று மன்றாடியதையும், எதுவாயினும் நிறைவேற்றும் உறுதியோடு அதைக் கேட்டதையும், மிகுந்த உள்ளார்ந்த ஆறுதலோடு மலாக்கா நோக்கிப் போவதே அவர் விருப்பம் எனத் தெளிந்ததையும் அதில் தெரிவிக்கிறார். போர்த்துக்கீசியக் கப்பல் இல்லையென்றால் பிற சமயத்தார் கப்பலில் போவேன். அதுவும் இல்லை, இக்கரையிலிருந்து ஒரு கட்டுமரம்தான் புறப்படுகிறது என்றாலும் நம்பிக்கையோடு அதில் ஏறுவேன் என்ற பொருளில் எழுதுகிறார். நம் மீனவரின் கட்டுமரம், இறைவிருப்பத்திற்குப் பணிந்த உள்ளத்தின் அளவுகோலாக அந்த மடலில் இடம்பெற்றுவிட்டது.

இலொயோலாப் படுக்கையில் தொடங்கிய பாடம் இங்கே பலன் தந்ததை நாம் காண்கிறோம். அவர் காட்சி கண்டதாகச் சொல்லவில்லை. இரு பக்கமும் சாயாத விடுதலை, பொறுமையான செபம், தங்கி நிற்கும் ஆறுதல், தோழர்க்கு உள்ளதை அறிவித்தல் என்னும் இந்நான்குமே அவருடைய கேட்டல். தனித்திருந்தும் அவர் தனியாகக் கேட்கவில்லை. தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்திருந்ததாக மறு ஆண்டு அம்போய்னா தீவிலிருந்து அவரே எழுதினார்.

கேட்டது கிடைத்ததா?

செப்டம்பர் இறுதிவாக்கில் மலாக்கா சேர்ந்தார். மக்காசர் போக வழி திறக்குமென்று காத்திருந்தார், திறக்கவில்லை. இறுதிவரை அவர் மக்காசர் மண்ணை மிதிக்கவே இல்லை. 1546-இல் மலுக்குத் தீவுகளுக்குச் சென்றார். 1547 டிசம்பரில் மலாக்காவுக்குத் திரும்பியபோது அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தார். அச்சந்திப்பு 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் அவரை ஜப்பானின் ககோஷிமா துறைமுகத்தில் கொண்டு சேர்த்தது. மயிலையின் இரவுகளில் ஜப்பான் அவர் கனவிலும் இல்லை.

அப்படியானால் அவர் தவறாகக் கேட்டாரா? அவ்வாறு சொல்ல மாட்டோம். இறைவன் அவருக்கு அடுத்த அடியைக் காட்டினார். முழு வழியையும் அன்று. மீதியை அவர் தம் ஆர்வத்தால் நிரப்பிக்கொண்டார். நிகழ்ச்சிகள் அதைத் திருத்தின. திருத்தப்பட மனம் வைத்திருந்ததே அவர் உண்மையாகக் கேட்டார் என்பதற்குச் சான்று.

விட்டுச் சென்ற மக்களை அவர் மறக்கவும் இல்லை. புதிதாய் வந்த தோழர்களைக் குமரிமுனைப் பக்கம் அனுப்பும்படி 1545 டிசம்பரில் மலாக்காவிலிருந்து எழுதினார். அவ்வாறு வந்தவருள் ஒருவரான அந்தோனி கிரிமினாலி 1549-இல் வேதாளையில் தம் மந்தைக்காக உயிர் நீத்தார். சவேரியாரும் 1548-இல் முத்துக்குளித்துறைக்கு மீண்டும் வந்தார். உண்மையான இறைக்குரல் ஒரு கடமைக்கு அழைக்கும்போது மற்றொரு கடமையைக் காற்றில் விடச் சொல்வதில்லை.

நமக்கு

துறவற அழைத்தலா திருமணமா, வெளிநாட்டு வேலையா ஊரில் பெற்றோர் அருகா, பிரிந்துபோன உடன்பிறப்போடு பேசுவதா வேண்டாமா என்று நம் இல்லங்களிலும் நாள்தோறும் வினாக்கள் எழுகின்றன. விரைந்து விடை சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டவர் பெயரால் பிறர் சொன்ன ஒரு சொல்லை நம்பி மருந்தை நிறுத்தியவர்களையும், மகளின் வாழ்வை முடிவு செய்தவர்களையும் நாம் அறிவோம். அத்தகைய நேரங்களில் மேலே கண்ட வரலாறு நமக்குச் சில உரைகற்களைத் தருகிறது.

இந்த எண்ணம் நற்செய்தியின் இயேசுவோடு பொருந்துகிறதா? சிலுவையின் முன் வைத்தால் இதன் நிறம் மங்குகிறதா? முதல் இனிமை அடங்கிய பிறகும் அமைதி தங்குகிறதா? என் கையிலுள்ள கடமையிலிருந்து இது என்னை விலக்குகிறதா? எனக்குப் பிடிக்காத விடை வந்தாலும் ஏற்க அணியமாய் இருக்கிறேனா? நல்லறிவுள்ள ஒருவரிடம் இதை மறைக்காமல் சொல்ல என்னால் முடிகிறதா? இதே நிலையில் உள்ள முன்பின் அறியாத ஒருவர் வந்து கேட்டால் நான் என்ன அறிவுரை சொல்வேன்? இறுதியாகச் சொன்ன இவ்வினா இஞ்ஞாசியாரே தம் நூலில் தந்த வழியாகும்.

இவற்றைக் கற்க நீண்ட தியான நாள்கள் வாய்க்காதவர்களும் ஒன்று செய்யலாம். மாலைச் செபத்தில் நம் மன்றாட்டுகளைச் சொல்லி முடித்ததும் உடனே எழுந்துவிடாமல், கால் மணி நேரம் அமர்ந்திருப்போம். அன்று வாசித்த நற்செய்தியில் எந்தச் சொல் உள்ளத்தில் தைத்தது, அன்றைய நிகழ்ச்சிகளில் எது அமைதி தந்தது, எது கலக்கியது என்று ஆண்டவர் முன் பார்ப்போம். முதல் நாளில் ஒன்றும் கேட்காது போகலாம். சாமுவேலுக்கும் முதல் முறையில் விளங்கவில்லை. பழகப் பழக, கேட்டுப் பெறுவதற்காக மட்டும் வந்த நாம், கேட்டுப் பணியவும் கற்போம். அவ்வாறு கேட்பவர்க்கும் பேசுபவர்க்கும் இடையே வளர்வதற்குத் தமிழ் முன்னரே வைத்த பெயர் கேண்மை.